என் பேருக்கு நேரே உள்ள கட்டம்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். ஏ ஷிப்டு, ஆறிலிருந்து ரெண்டு. உள்ளே போனதும் ரப்பர் நாற்றம். எட்டு வருஷமாகியும் மூக்குக்குப் பழகவில்லை.

நோட்டீஸ் போர்டில் புதுத் தாள். சூப்பர்வைசர்களில் ஒருவரை கொரியாவில் இருக்கும் தலைமை ஆலைக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பப் போகிறார்கள். திரும்பி வந்தால் லைன் கோஆர்டினேட்டர். ஒரே நிபந்தனை, கொரிய மொழி பேசத் தெரிய வேண்டும். டிசம்பருக்குள்.

மூன்று முறை படித்தேன். பின்னால் நின்ற பேக்கிங் சூப்பர்வைசர் முருகையன், "யம்மா, உனுக்கென்னா, பிரான்சு பாஸ்போர்ட்டே வெச்சிருக்க. கொரியா எதுக்கு? வழிய விடு" என்றார்.

வழி விட்டேன். போட்டோ எடுத்துக்கொண்டுதான்.

முப்பத்தாறு வயது. கார் கதவு ரப்பரில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற இருபது பேருக்கு மேலே நிற்கிற வேலை. நின்று நின்று குதிகால் வெடித்ததுதான் மிச்சம். இந்த ஒன்று வேண்டும். இவ்வளவு தெளிவாக எதையும் நான் கேட்டு ரொம்ப நாளாகிறது.

வாங்க: பினாயில், அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம், நோட்டு ஒன்று. நூறு பக்கம் போதும். இல்லை, இருநூறு.

ஜூலை 10, வியாழன்

மழை வருவது போல் இருட்டிக்கொண்டு வந்து ஏமாற்றிவிட்டது.

கொரியன் வகுப்பு தேடியதில் இதுவரை:

1. காமராஜர் சாலை, பேக்கரிக்கு மேல் மாடி. தினமும் பதினொன்றிலிருந்து ஒன்று. எல்லாம் காலேஜ் பெண்கள், பை நிறைய கொரிய நடிகர்கள் முகம். முன்னால் உட்கார்ந்திருந்தவள், "ஆன்ட்டி, பாப்பாவ எப்ப கூட்டினு வரீங்க?" என்றாள். எனக்குத்தான் என்றேன். "ஓ, ஸ்வீட்." வேலைக்குப் போகிறவர்களுக்கு சாயங்கால வகுப்பு உண்டா? "யாரும் கேட்டதில்ல ஆன்ட்டி." நான் கேட்கிறேனே, நான் யாருமில்லையா?

2. சென்னை. சனி, ஞாயிறு. சனி எனக்கு வேலை நாள்.

3. கடற்கரைப் பக்கம் ஒரு கொரியப் பெண்மணி வீட்டிலேயே சொல்லித் தருகிறார் என்று கேள்வி. போன் போட்டேன். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் கொஞ்ச நேரம் முட்டிக்கொண்டன. குழந்தைகளுக்கு மட்டுமாம். ஆறு வயதிலிருந்து பத்து வரை.

4. போனில் ஒரு ஆப். பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான். இரண்டு நாளாக அவன் அதையேதான் சாப்பிடுகிறான். எங்கள் ஆலைத் தலைவர் பார்க் சாரிடம் போய் பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான் என்று சொன்னால் கொரியாவுக்கு அனுப்பிவிடுவாரா?

5. கதிர்காமம் பக்கம், அரசாங்க உதவியோடு நடக்கிற பயிற்சி மையம். இலவசம். ஞாயிறு வகுப்பு! சனிக்கிழமை ஷிப்டு முடிந்து நேராகப் போய் ஃபாரம் கொடுக்க வேண்டும். அமைந்துவிட்டால் நெல்லித்தோப்பு மாதாவுக்கு ஒரு மெழுகுத்திரி.

ஜூலை 14, திங்கள்

பி ஷிப்டு வாரம் (ரெண்டிலிருந்து பத்து). அதனால் காலை என்னுடையது. என்னுடையது என்று நினைத்தேன். அம்மா, அப்பாவின் மெடல்களைப் பல்பொடி போட்டுத் துலக்கிக் குத்திக்கொண்டு எட்டு மணிக்கே தயார். இன்றைக்கு பிரான்சின் தேசிய தினம். கடற்கரையில் நினைவுச் சின்னத்துக்கு மாலை போடுவார்கள். பட்டாளத்தில் இருந்த பழைய சொல்தாக்கள், சொல்தாக்களின் விதவைகள், எல்லோரும் வெயிலில் வரிசையாக. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினேழு வருஷம்.

கொடி ஏறும்போது பாட்டுக்கு வாயசைத்தேன். முதல் வரிக்கு மேல் தெரியாது. பிரெஞ்சே தெரியாது. நான் பிரெஞ்சுக்காரி.

அங்கே நிற்கும்போதுதான் கதிர்காமம் மையத்திலிருந்து போன்.

"மேடம், நேஷனாலிட்டின்ற எடத்துல பிரான்ஸ்னு எழுதியிருக்கீங்க. மாத்தி எழுதிட்டீங்களா?"

"இல்லங்க. அதான்."

"இது இந்தியக் குடிமக்களுக்கு மட்டும் மேடம். ஃபாரினர்ஸ் சேர முடியாது."

"நான் நெல்லித்தோப்புல பொறந்தவங்க."

"அதுக்கில்ல மேடம், ரூல்ஸ் அப்படி. ஃபாரினர்ஸுக்குத் தனியா கிளாஸ் இருக்கும், நெட்ல பாருங்களேன்."

மரியாதையாகத்தான் சொன்னான். ஒரு குறையும் சொல்ல முடியாது. மரியாதையாகச் சொன்னதால் திட்டவும் முடியவில்லை.

நெட்டில் பார்த்தேன். இருக்கிறது. வேலை பார்க்கும் வெளிநாட்டவருக்குக் கொரிய மொழி, இலவசம், மாலை வகுப்பு, கணினி வழியாக. அட, எனக்கென்றே எழுதினது மாதிரி. மூன்றாவது கட்டத்தில் கொரிய அரசாங்கம் கொடுத்த அடையாள அட்டை எண் கேட்டது. அங்கே வேலை பார்க்கிற வெளிநாட்டவர்களுக்காம். ஆக, பிறந்த ஊரில் நான் வெளிநாட்டுக்காரி. வெளிநாட்டுக்காரிக்கென்று ஒரு வகுப்பு இருக்கிறது, அதற்கு நான் தப்பான நாட்டில் இருக்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரை விட்டுப் போனபோது, பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்கிறேன் என்று தாத்தா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். அன்றையிலிருந்து நாங்கள் பிரெஞ்சுக்காரர்கள். போடும்போது யாராவது அவரிடம் இதெல்லாம் சொன்னார்களா?

திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா: "ஒங்கண்ணன் கூப்புட்டுக்கினே இருக்கான். பாரீசுல வேல வாங்கித் தரேன்றான். ஒரு நாட்டு பாஸ்போர்ட்ட கையில வெச்சிக்கினு இன்னொரு நாட்டுக்கு வழி தேடறவ ஒலகத்துலயே நீ ஒருத்திதான்டி."

அண்ணன் வாங்கித் தரும் வேலை ஓட்டலில் படுக்கை விரிப்பு மாற்றுவது. அதுவும் போகட்டும். ஒரு தடவை போய்ப் பார்த்தாயிற்றே. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் கேட்டது பாஸ்போர்ட்டைத்தான். வாங்கி, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார்கள். அப்புறம்தான் என் முகத்தை. பதினோரு மாதம் அங்கே ஒரு பிளாட்டுக்கும் தமிழ்க் கடைக்கும் நடந்தேன். புருஷனுக்கு அந்த நாட்டில் தங்க கார்டு கிடைத்ததும் நான் தேவைப்படவில்லை. தாளைக் கட்டிக்கொண்டான், தாளின் வேலை முடிந்தது. அவன் அங்கே நன்றாக இருக்கிறான். நன்றாகவே இருக்கட்டும், நாசமாய்ப் போக.

கொரியாவில் எனக்கு யாருமே இல்லை. அதுதான் பிடித்திருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

வெயில் பொசுக்குகிறது. ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் எச்.ஆர். பிரகாஷைப் பிடித்தேன். வெளியே வகுப்பு கிடைக்கவில்லை, கம்பெனியே கேன்டீனில் வைக்கலாமே, சென்னையிலிருந்து டிவி வழியாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், விசாரித்துவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"எத்தன பேர் வருவாங்க ரோசலின்?"

"லிஸ்ட் எழுதித் தரேன் சார்."

"ஸ்டாஃபா இருந்தா சொல்லுங்க. கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கெல்லாம் மேல ஒத்துக்க மாட்டாங்க."

ரெண்டு மணிக்கு ஷிப்டு மாறும்போது சுமதி கையைப் பிடித்துக்கொண்டாள். என் லைனில் கான்ட்ராக்ட் ஆபரேட்டர். கனகசெட்டிக்குளம். புருஷன் மீன்பிடி போட்டில் போகிறவன். பன்னிரண்டு வரை படித்து, நல்ல மார்க் வாங்கி, அதோடு சரி. வடக்குப் பக்கத்துக்கு இரவில் கம்பெனி வண்டி கிடையாது என்பதால் எப்போதும் ஏ ஷிப்டுதான்.

"அக்கா, கொரியன் கிளாஸ் வெக்கப் போறாங்களாமே. எம் பேரையும் எழுதுங்கக்கா."

"ஒனக்கு எதுக்குடி?"

"சும்மாதாங்க்கா. கத்துக்கலாமேன்னு."

பார்க்கலாம் என்றேன். எழுதவில்லை. கான்ட்ராக்ட் பெயர் ஒன்றைப் பார்த்தால் பிரகாஷ் மொத்த லிஸ்டையும் ஓரமாக வைத்துவிடுவான். பதினான்கு பேர் எழுதினேன். முதல் பெயர் என்னுடையது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆரம்பித்துவிட்டது! நான் கேட்டு, நான் எழுதிக் கொடுத்து, நான் நச்சரித்து வந்த வகுப்பு. செவ்வாய், வியாழன், ரெண்டே முக்காலிலிருந்து நாலேகால். கேன்டீனில் சாம்பார் வாசனையோடு. சுவரில் பெரிய டிவி, அதற்கு மேல் ஒரு சின்ன கேமரா. டிவிக்குள் ஹரி சார், சென்னையில் உட்கார்ந்துகொண்டு. அவருக்கு எங்கள் முகம் தெரியாது. "வரிசையா தலைங்க தெரியுது, அவ்ளோதான்" என்றார். கையிலிருக்கும் லிஸ்டைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்கிறார்.

கையெழுத்துத் தாள் சுற்றி வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் நேரே கட்டங்கள். மூன்று கட்டம் காலியாக இருந்தால் பெயரை அடித்துவிடுவார்களாம்.

என் பெயரைக் கொரிய எழுத்தில் எழுதினேன். கோலப்புள்ளியை யாரோ கலைத்துவிட்டது மாதிரி இருந்தது. பரவாயில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நேற்றைய வகுப்பு முழுக்கத் தமிழின் பெருமை. அம்மா என்றால் அங்கேயும் அம்மா, அப்பா என்றால் அங்கேயும் அப்பா. ஹரி சாருக்குக் குரல் தழுதழுத்தது. முருகையன் எழுந்து நின்று கைதட்டினார். ஒன்றரை மணி நேரம் தட்டிவிட்டு ஒரு எழுத்துகூடப் புதிதாகத் தெரியாமல் வீட்டுக்குப் போனோம்.

அது கிடக்கட்டும். வயிற்றெரிச்சல் வேறு. அடுத்த வாரம் எனக்கு பி ஷிப்டு. வகுப்பு நேரத்தில் நான் லைனில். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், இரண்டிரண்டு கட்டம் காலி. மாதத்துக்குள் பெயர் போய்விடும்.

பிரகாஷ்: "ஒருத்தருக்கு ஷிப்டு மாத்துனா நாப்பது பேர் வந்து நிப்பாங்க. வேணாம் ரோசலின்."

மற்ற பதின்மூன்று பேரும் ஜெனரல் ஷிப்டு, இல்லை ஆபீஸ். நான் கொண்டுவந்த வகுப்புக்கு நான் மட்டும் வர முடியாது. அழுகை வந்தது, கழிப்பறையில் போய் முகம் கழுவினேன்.

வெளியே வந்தால் சுமதி கை கழுவிக்கொண்டிருக்கிறாள்.

"என்னாக்கா, கண்ணெல்லாம் செவந்து கெடக்குது?"

அப்போதுதான் தோன்றியது. ஏ ஷிப்டு ரெண்டு மணிக்கு முடிகிறது. வகுப்பு ரெண்டே முக்கால். தொப்பியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தால் யாருக்குத் தெரியும்? ஸ்டாஃப் ஆட்களுக்குத் தெரியும். ஆனால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், வராத நாளில் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட எல்லோருக்குமே ஒருவர் தேவை.

"நீ ஒண்ணும் செய்ய வேணாம் சுமதி. என் பேருக்கு நேரா கையெழுத்துப் போடு. பேர் கூப்புட்டா ஏதோ சொல்லு. உக்காந்துட்டு வா."

"வண்டி போயிடுமேக்கா. மெயின்ரோடு வரைக்கும் நடந்து ரெண்டு பஸ் மாறணும்."

"நான் ஏ ஷிப்டு வர்ற வாரமெல்லாம் ஒன்ன உக்காந்து பாக்குற டேபிள்ல போடறேன். நிக்க வேணாம்."

குழாயை மூடினாள். "நோட்டு எடுத்துனு போலாமாக்கா?"

எடுத்துக்கொண்டு போயேன், யார் வேண்டாம் என்றது.

ஆகஸ்ட் 21, வியாழன்

தூறல். இந்த வாரம் ஏ ஷிப்டு, நானே வகுப்பில். ஹரி சார், "ரோசலின், போன வாரம் நீங்க கேட்ட கேள்வி அருமை. எல்லாருக்கும் ஒரு தடவ சொல்லுங்க" என்றார்.

நான் என்ன கேட்டேன்? முழித்தேன். மறந்துவிட்டது சார் என்றேன்.

"ஒரு வாரம் பிரமாதமா பேசறீங்க, ஒரு வாரம் எல்லாத்தையும் மறந்துடறீங்க. வீட்ல ஏதாவது பிரச்சனையா?"

முருகையன் மேஜைக்கடியில் குனிந்து சிரித்தார்.

மின்சாரக் கட்டணம். அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை. குடை கம்பி.

செப்டம்பர் 3, புதன்

சுமதி டேபிளில் உட்கார்ந்து ரப்பர் பட்டையை எண்ணுகிறாள், ஹானா, தூல், செட். முதலில் வேடிக்கையாக இருந்தது. பக்கத்தில் இரண்டு பெண்களும் கூடச் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். அப்புறம் வேடிக்கையாக இல்லை.

"வேலையப் பாருடி" என்றேன். குரல் தேவைக்கு மேல் போய்விட்டது.

சாப்பாட்டு நேரத்தில் அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பாடமும் தேதி போட்டு, சிவப்பில் தலைப்பு, நீலத்தில் வாக்கியம், ஓரத்தில் தமிழில் அர்த்தம். என் வாரப் பாடங்களையும் என் நோட்டிலிருந்து கேட்டு வாங்கி எழுதியிருக்கிறாள். என்னுடையதில் பாதிப் பக்கம் காலி, ஒரு பக்கத்தில் காய்கறி லிஸ்ட்.

"பஸ் ஸ்டாப்புல நிக்கும்போது சொல்லிப் பாத்துக்கினே இருப்பேங்க்கா. அங்க ஒரு தாத்தா என்னிய பைத்தியம்னு நெனச்சிக்கினு தள்ளிப் போய் நிக்கிறாரு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். பொறாமை என்று எழுதிவிடுகிறேன், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள். வயது இருபத்தெட்டு, காது கூர்மை, தலைக்குள் இடம் இருக்கிறது. என் தலைக்குள் இவ்வளவு நாள் என்ன குப்பை சேர்த்து வைத்தேன்?

செப்டம்பர் 12, வெள்ளி

பரீட்சை நேற்று. பி ஷிப்டு வாரம், உட்கார்ந்தது சுமதி. தேதியை மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்று திங்கள்கிழமை பிரகாஷ் அறை வாசல் வரைக்கும் போனேன். கதவைத் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்று எனக்குத் தெரியும்.

இன்று மார்க் ஒட்டியிருக்கிறார்கள். முருகையன் 41. கணக்குப் பிரிவுப் பையன் 66. ரோசலின் 92.

முதலிடம். பிரகாஷ் கை கொடுத்தான். "பார்க் சாருக்கு ரிப்போர்ட் அனுப்பிட்டேன். ரொம்ப சந்தோஷப்பட்டாரு. நீங்கதான் ரோசலின், வேற யாரு?"

தேங்க்ஸ் சார் என்றேன்.

சுமதிக்கு போன் போட்டுச் சொன்னேன். "தொண்ணூத்தி ரெண்டாக்கா!" என்று கத்தினாள். பின்னால் யாரோ என்ன என்ன என்று கேட்டார்கள். "எங்கக்கா பாஸ் பண்ணிட்டாங்க" என்று அவர்களிடம் சொன்னாள்.

செப்டம்பர் 17, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஏ ஷிப்டு. பத்து மணி இருக்கும். பார்க் சார் பிரகாஷோடு லைனுக்கு வந்தார். எல்லோரும் தொப்பி, மாஸ்க். நான் லைன் கோடியில் மெஷின்காரனோடு பேசிக்கொண்டிருந்தேன். பார்க் சார் டேபிள் பக்கம் நின்று சத்தமாக, "ரோசலின்!" என்றார். கூடவே கொரியனில் ஏதோ ஒரு கேள்வி.

நான் திரும்புவதற்குள் சுமதி எழுந்து நின்றுவிட்டாள்.

வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு மாதமாக அந்தப் பெயரைச் சொல்லிக் கொரியனில் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான். எழுந்தாள், பதில் சொன்னாள். நீளமாக. அவர் இன்னொன்று கேட்டார், அதற்கும் சொன்னாள். கையால் ரப்பர் பட்டையைக் காட்டி ஏதோ விளக்கினாள். எட்டு வருஷத்தில் பார்க் சார் முதல் முறையாக ரப்பரை விட்டுவிட்டு ஒரு ஆளின் கண்ணைப் பார்த்துப் பேசினதைப் பார்த்தேன். சிரித்தார். தலை குனிந்து வணங்கினார், அவளும். எனக்கு அதில் இரண்டு வார்த்தைதான் புரிந்தது.

அவர் போய்விட்டார், பூரித்துப்போய். பிரகாஷ் போகவில்லை. அவள் சட்டையில் குத்தியிருந்த கான்ட்ராக்ட் அட்டையைப் பார்த்தான். அப்புறம் லைன் கோடிக்குத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

சுமதியின் மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. "அக்கா, தெரியாம எழுந்துட்டேங்க்கா."

செப்டம்பர் 18, வியாழன்

பிரகாஷ் அறை. ஏ.சி. குளிர். கதவைச் சாத்தினான்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க ரோசலின். நீங்க அனுப்புனதுன்னா இது ஸ்டாஃப் மேட்டர். ஃபைல் மேல போகும். உங்க பேரு போகும், கிளாஸும் போகும், கிளாஸ் வெச்சதுக்கு என்னையும் கேப்பாங்க. அவளா போய் ஒக்காந்திருந்தான்னா, கான்ட்ராக்ட் பொண்ணு, இங்கியே முடிஞ்சிரும்."

"பார்க் சார் அவகிட்டதானே பேசினாரு?"

"தொப்பியும் மாஸ்க்கும் போட்டா நம்மெல்லாம் அவருக்கு ஒண்ணுதான். அவர் பேசுனது ரோசலின் கூட. அவ்ளோதான் அவருக்குத் தெரியும். மூணு மாசம் இருக்கு, படிச்சுக்கிட மாட்டீங்களா?"

வெள்ளைத் தாள் ஒன்றை நகர்த்தினான். பேனாவைத் திறந்தே வைத்தான்.

என் பெயரில் வேறொருவர் வகுப்புக்குச் சென்றது எனக்குத் தெரியாது. அவ்வளவுதான் எழுதினேன். கீழே கையெழுத்து.

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் சுமதியின் அட்டையை வாங்கிவிட்டார்கள். கான்ட்ராக்ட்காரன் கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டான். நான் ஜன்னல் பக்கம் போகவில்லை.

பாஸ்போர்ட்டுக்காக என்னைக் கட்டினவன் எனக்குச் செய்ததை நான் சுமதிக்குச் செய்துவிட்டேன். அவனாவது ஊரைக் கூட்டிச் சோறு போட்டுச் செய்தான்.

செப்டம்பர் 19, வெள்ளி

அம்மாவுக்கு சர்க்கரை ஏறியிருக்கிறது.

பிரகாஷ் கூப்பிட்டு, திங்களிலிருந்து எனக்கு நிரந்தரமாக ஏ ஷிப்டு என்றான். ஒரு வகுப்பும் விடக் கூடாதாம். டிசம்பருக்கு என் பெயரை மேலே எழுதி அனுப்பியாகிவிட்டது.

கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. பஸ் பிடித்து கனகசெட்டிக்குளம். கையில் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன், ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் மாதிரி. பாதி வழியில் வெட்கமாகிப் பையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.

வீட்டு வாசலில் சுமதி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எழுந்து சேலை முந்தானையில் கை துடைத்தாள். நாற்காலி எடுத்துப் போட்டாள். வாங்க என்று சொன்னாள். கத்துவாள் என்று எதிர்பார்த்துப் போனவளுக்கு நாற்காலி.

"நீங்க எழுதிக் குடுத்தத பிரகாஷ் சாரு படிச்சுக் காட்டுனாருக்கா."

நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

"மொதல்ல நம்பல. காட்டுங்க சார்னேன். ஒங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா? நானே எத்தினி வாட்டி போட்டிருக்கேன்."

"சுமதி, நாளைக்கே போய் உண்மையச் சொல்லிடறேன்."

"சொல்லி? எனுக்கு அட்டையத் திருப்பிக் குடுப்பாங்களா? ஒங்களுதும் போவும். விடுங்கக்கா. தேங்காய்த்திட்டுல ஐஸ் கம்பெனில கூப்புட்டிருக்காங்க. வேலைக்கென்ன, வேல கெடைக்கும்."

மீன் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றினாள். கொஞ்ச நேரம் தேய்த்தாள்.

"அந்தப் பாடந்தாங்க்கா. ரெண்டே முக்கால் ஆனா கை தானா நோட்டத் தேடுது. அந்த கிளாஸ்ல ஒக்காரும்போது நல்லா இருந்துச்சு. ஒங்க பேரச் சொல்லிக் கூப்புட்டு, பதில் சொல்லுன்னு ஒருத்தர் காத்துக்கினு இருப்பாரு. எம் பேரச் சொல்லி யாரு என்னா கேட்டிருக்காங்க, மீன் என்னா வெலன்னு தவுர?"

அப்புறம் சாதாரணமாகக் கேட்டாள், "வியாழக்கெழம என்னா நடத்துனாருக்கா?"

வியாழக்கிழமை நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை மணி நேரம். ஒன்றும் காதில் விழவில்லை. தெரியலடி என்றேன்.

"சரி விடுங்க" என்றாள். காபி கொடுத்தாள். குடித்தேன். குடித்ததற்கும் சேர்த்து இப்போது என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

மழை. கேன்டீன் தகரத்தில் சத்தம். ரெண்டே முக்கால். முதல் வரிசையில் எனக்கென்று நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள், பிரகாஷின் ஏற்பாடு. அவன் கதவருகில் நின்றான்.

ஹரி சார் டிவியில் வந்ததும் முதல் வேலையாக, "எங்க நம்ம ஃபர்ஸ்ட் மார்க்? ரோசலின், பரீட்சையில நீங்க எழுதுன கடைசி பத்தி, உங்க ஊர்ல காலையில படகு வந்து சேர்றதப் பத்தி. அத நான் என் மத்த கிளாஸ்லகூட படிச்சுக் காட்டுனேன். இப்ப நீங்களே வாயால சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்" என்றார்.

படகு. எனக்குத் தெரியாது. இப்படி ஒன்றை எழுதினதாக அவள் சொல்லவே இல்லை.

பதின்மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். முருகையன் இந்த முறை சிரிக்கவில்லை. பிரகாஷ், சொல்லுங்க, ஏதாவது சொல்லுங்க என்று கையால் சைகை காட்டினான்.

"ரோசலின்? கேக்குதா? ரோசலின் இருக்காங்களா?"

எழுந்தேன். கேமராவைப் பார்த்தேன்.

"இல்ல சார். வரல."

"வரலியா? அப்ப நீங்க யாரு பேசறது?"

கையெழுத்துத் தாள் என் மேஜைக்கு வந்தது. பேனா கையில்தான் இருந்தது. என் பேருக்கு நேரே உள்ள கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்தவரிடம் தள்ளினேன்.